கரையில் கடைசி இரவு: ஒரு துறைமுக ஊரின் கதை



பிள்ளை வெளிநாடு கிளம்பும் நாளுக்கு முந்தின இரவு வீடு எப்படி இருக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். பெட்டியை நாலு தடவை எடை போடுவோம். பாஸ்போர்ட் எங்கே என்று பத்து தடவை கேட்போம். சொல்ல நினைத்ததைச் சொல்லாமல், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம். எப்படியும் அந்த இரவு நமக்குக் கிடைத்துவிடுகிறது.

போருக்கோ நீண்ட பயணத்துக்கோ கிளம்பும் கடற்படை மாலுமிகளுக்கு அந்த இரவு எளிதில் கிடைத்ததில்லை. அவர்களில் பெரும்பாலோர் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். மீசை முளைக்காத சிறுவர்களும் உண்டு. கப்பல் நாளைக் காலை நங்கூரம் எடுக்கப்போகிறது என்றால், இன்று இரவு அவன் கரையில் இருக்கலாமா? அதை முடிவு செய்வது யார்? இந்தக் காலாண்டு வரலாற்றுப் பக்கத்தில் அதைத்தான் பார்க்கப்போகிறோம். உலகம் முழுக்கச் சுற்றாமல், இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் என்ற ஒரே ஊரில் நின்று பார்ப்போம். இருநூறு வருடக் கதை அங்கே ஒரே கடற்கரையில் கிடைக்கிறது.

ஊரைத் தெரிந்துகொள்வோம்

லண்டனுக்குத் தென்மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி, இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இருக்கிறது போர்ட்ஸ்மவுத். ஊரின் பெரும்பகுதி ஒரு சிறு தீவின்மேல் அமைந்தது. ஏழாம் ஹென்றி மன்னர் 1495-ல் இங்கே ஓர் உலர்துறை கட்டுவித்தார். கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை வடித்து, அடிப்பாகத்தைப் பழுது பார்க்கிற இடம் அது. அன்றிலிருந்து இன்றுவரை இது கடற்படை ஊர்.

துறைமுகத்தின் வாய்ப்பகுதியில், பழைய கோட்டை மதிலுக்கு வெளியே 'பாயின்ட்' என்று ஒரு சின்ன நிலமுனை. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தச் சிறு இடத்தில் சாராயக் கடைகள், அடகுக் கடைகள், தங்கும் விடுதிகள் என்று நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. எதிரே கடலில் வைட் தீவு. ஊருக்கும் தீவுக்கும் இடையிலுள்ள ஸ்பிட்ஹெட் என்ற கடற்பகுதியில்தான் போர்க்கப்பல்கள் கிளம்புமுன் கூடி நிற்கும். அங்கிருந்து பார்த்தால் கரை நன்றாகவே தெரியும். ஆனால் பார்க்கத்தான் முடியும்.

கரை தெரிந்தும் கால் வைக்க முடியாது

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளில் ஒரு பங்கினர் விரும்பிச் சேர்ந்தவர்கள் இல்லை. போர் வந்துவிட்டால் துறைமுகத் தெருக்களிலும் திரும்பி வரும் வணிகக் கப்பல்களிலும் ஆள்பிடிக்கும் கும்பல்கள் இறங்கும். கடல் வேலை தெரிந்தவன் கையில் அகப்பட்டால் இழுத்துக்கொண்டு போய்ப் போர்க்கப்பலில் ஏற்றிவிடுவார்கள். சட்டம் அதை அனுமதித்தது.

இப்படிப் பிடித்து வந்தவனைக் கரைக்கு அனுப்பினால் திரும்பி வருவானா? வரமாட்டான் என்பது அதிகாரிகளின் கணக்கு. எனவே கப்பல் கரையோரம் வாரக்கணக்கில் நின்றாலும் பல கப்பல்களில் சாதாரண மாலுமிகளுக்குக் கரை விடுப்பு கிடையாது.

சம்பளமும் இதே கணக்கில்தான் நடந்தது. மாதாமாதம் கொடுப்பதில்லை. பல மாத நிலுவை வைத்து, கப்பல் மறுபடி கடலுக்குக் கிளம்பும் தறுவாயில் கொடுப்பார்கள். அப்போதும் சில மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஓடிப்போனால் அந்தப் பணம் போச்சு. ஆளைக் கட்டிவைக்கச் சங்கிலியைவிட இது வசதி.

வீட்டில் மனைவி எப்படிச் சமாளித்திருப்பாள் என்று நீங்கள் கேட்கலாம். கடனில்தான். 1758-ல் வந்த ஒரு சட்டம், மாலுமி தன் சம்பளத்தில் ஒரு பகுதியை மனைவிக்கோ பெற்றோருக்கோ அனுப்ப வழி செய்தது. இன்று நமக்கு இது சாதாரணமாகப் படும். அன்று பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

மாலுமி கரைக்கு வர முடியாது என்பதால், கரை அவனைத் தேடிப் போனது. கப்பல் ஸ்பிட்ஹெட்டில் நிற்கிறது என்ற செய்தி பரவினால் சிறு படகுகள் நூற்றுக்கணக்கில் சூழ்ந்துகொள்ளும். ரொட்டி விற்பவர், துணி விற்பவர், கடன் வசூலிக்க வந்தவர், மனைவி என்று வந்தவர், உண்மையிலேயே மனைவியாக இருந்தவர், கைக்குழந்தையோடு வந்தவர் என எல்லோரும் கப்பலில் ஏறுவார்கள். பீரங்கிகளுக்கு இடையில், தொங்கு படுக்கைகளுக்குக் கீழே, நூற்றுக்கணக்கான பேருக்கு நடுவில் குடும்பங்கள் தங்கள் கடைசி நாட்களைக் கழித்தன.

1782 ஆகஸ்ட் 29

இந்த ஏற்பாடு எதில் கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு நாள் போதும்.

'ராயல் ஜார்ஜ்' 100 பீரங்கிகள் கொண்ட பெரிய போர்க்கப்பல். 1756-ல் நீரில் இறக்கப்பட்டது. 1782 ஆகஸ்ட் கடைசியில் ஸ்பிட்ஹெட்டில் நின்றுகொண்டிருந்தது. ஸ்பெயினும் பிரான்சும் முற்றுகையிட்டிருந்த ஜிப்ரால்டருக்கு உணவும் ஆட்களும் கொண்டுபோகும் பெரும் கப்பல் அணியில் அதுவும் ஒன்று. கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. மாலுமிகளைக் கரைக்கு விடவில்லை. வழக்கம்போல மனைவிமார், குழந்தைகள், வியாபாரிகள் கப்பலில் இருந்தார்கள். சுமார் 300 பெண்களும் 60 குழந்தைகளும் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

அன்று காலை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த ஒரு குழாயைப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. உலர்துறைக்குக் கொண்டுபோக நேரமில்லை. கப்பலைக் கொஞ்சம் சாய்த்தால் அந்தப் பகுதி நீருக்கு மேலே வந்துவிடும். ஒரு பக்கப் பீரங்கிகளை வெளியே நீட்டி, மறுபக்கத்துப் பீரங்கிகளை நடுவுக்கு இழுத்துக் கப்பலைச் சாய்த்தார்கள். அப்போது வழக்கமாகச் செய்கிற வேலைதான். அதே நேரத்தில், சாய்ந்த பக்கத்தில் ஒரு சரக்குப் படகு வந்து நின்று ரம் பீப்பாய்களை ஏற்ற ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துப் பீரங்கித் துளைகளின் விளிம்புவரை தண்ணீர் வந்துவிட்டது. கப்பல் தச்சர் எச்சரித்தும் பணியிலிருந்த அதிகாரி காது கொடுக்கவில்லை என்று உயிர் பிழைத்தவர்கள் பின்னால் சொன்னார்கள்.

காலை ஒன்பது மணி தாண்டியதும் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. தன் அறையில் இருந்த தளபதி கெம்பன்ஃபெல்டும் போனார். இறந்தவர்கள் சுமார் 900 பேர் என்கிறார்கள். கப்பலில் எத்தனை விருந்தாளிகள் இருந்தார்கள் என்பதற்குச் சரியான பதிவேடு இல்லாததால் துல்லியமான எண்ணிக்கை இல்லை. பிழைத்தவர்கள் சுமார் 255. அவர்களில் பெண்கள் பதினொருவர், குழந்தை ஒன்று.

நடுக்கடலோ புயலோ போரோ இல்லை. கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. உடல்கள் பல நாட்கள் வைட் தீவின் கரையில் ஒதுங்கின. விசாரணை நீதிமன்றம் கப்பலின் மரம் உளுத்துப்போயிருந்ததுதான் காரணம் என்று சொல்லி அதிகாரிகளை விடுவித்தது.

அந்தப் பெண்களும் குழந்தைகளும் ஏன் அன்று கப்பலில் இருந்தார்கள் என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. அவர்களின் ஆண்கள் ஒரு நாள் கரைக்கு வந்து போயிருந்தால், விபத்து நடந்திருந்தாலும் இறந்தவர் எண்ணிக்கையில் குழந்தைகள் இருந்திருக்க மாட்டார்கள்.

மாலுமிகளே கேட்டபோது

பதினைந்து வருடம் கழித்து, அதே ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் வாய் திறந்தார்கள். 1797 ஏப்ரல் 16-ம் தேதி, கிளம்பச் சொல்லி ஆணை வந்தபோது, கப்பல் அணி நகர மறுத்தது. ஒவ்வொரு கப்பலும் தன் சார்பில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. கூச்சல், கொள்ளை எதுவும் இல்லை. பிரெஞ்சுக் கடற்படை வெளியே வந்தால் உடனே போருக்குக் கிளம்புவோம் என்றும் அறிவித்தார்கள். இன்றைய சொல்லில், ஒழுங்கான வேலைநிறுத்தம்.

கோரிக்கைகள் நியாயமானவை. தேர்ந்த மாலுமிக்கு 28 நாள் மாதத்துக்கு 24 ஷில்லிங் சம்பளம். அது 1653-ல் நிர்ணயித்தது. 144 வருடமாக ஏறவில்லை. பவுண்டுக்கு 16 அவுன்ஸ் என்று ஊரெல்லாம் எடை போட, கப்பலில் 14 அவுன்ஸ்தான். மீதி பண்டகசாலைக்காரர் கழிவு. காயம்பட்டுப் படுத்தால் சம்பளமில்லை. இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துறைமுகத்தில் நிற்கும்போது கரைக்குப் போய்த் தங்கள் குடும்பத்தைப் பார்த்து வர அனுமதி வேண்டும் என்பதுதான் அது.

அரசு இறங்கி வந்தது. 71 வயதான ஹவ் பிரபு, கப்பல் கப்பலாகப் படகில் போய் மாலுமிகளிடம் நேரில் பேசினார். 1782-ல் ஜிப்ரால்டர் அணியை நடத்திச் சென்றவரும் இவரே. எல்லோருக்கும் மன்னர் பெயரால் மன்னிப்பு கிடைத்தது. சம்பளம் ஏறியது, எடை சரியானது, காயம்பட்டவர்களுக்கும் சம்பளம் உறுதியானது. கரைக்குப் போகும் உரிமை மட்டும் அந்த உடன்பாட்டில் இடம்பெறவில்லை. பணம் கொடுக்கத் தயாராக இருந்த அரசுக்கு, மாலுமியை நம்பத் தயக்கம் இருந்தது.

எட்டு வருடம் கழித்து 1805 செப்டம்பர் 14 அன்று, தளபதி நெல்சன் இதே ஊரிலிருந்து கடைசியாகக் கிளம்பினார். ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த ஜார்ஜ் விடுதியிலிருந்து வெளியே வந்தபோது தெருவெல்லாம் கூட்டம். நெரிசலைத் தவிர்க்க, வழக்கமான படித்துறையை விட்டு சவுத்ஸீ கடற்கரைப் பக்கம் போய்ப் படகேறினார். டிராஃபல்கர் போரில் அவர் இறந்தது நமக்குப் பள்ளிப் பாடம். அவர் ஏறிய 'விக்டரி' கப்பலில் போரின்போது சுமார் 820 பேர் இருந்தார்கள். அவர்களில் இளையவனுக்கு வயது 12. அவர்களை வழியனுப்பக் கூட்டம் கூடியதாக வரலாறு சொல்வதில்லை.

நாவல் படிக்கிறவர்களுக்கு ஒரு சேதி. ஜேன் ஆஸ்டினின் சகோதரர்கள் இருவர் கடற்படை அதிகாரிகள். அவருடைய 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில், தங்கையை அழைத்துக்கொண்டு போர்ட்ஸ்மவுத் வீட்டுக்கு வருகிறான் ஒரு இளம் அதிகாரி. வந்து சேர்ந்தவுடன் அவன் கேட்கும் செய்தி, கப்பல் காலையிலேயே துறைமுகத்தை விட்டு வெளியே போய் நிற்கிறது என்பது. அன்று மாலையே கிளம்பிவிடுகிறான். கடற்படைக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு இதைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

ஒரு படுக்கை, ஒரு கடிதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறியது. 1853-ல் நீண்டகாலச் சேவை முறை வந்தது. அதுவரை பயணம் முடிந்தால் ஆட்களைக் கலைத்துவிடுவார்கள். இனி ஒருவன் 18 வயதிலிருந்து பத்து வருடம் கடற்படையின் நிரந்தர ஊழியன். ஓடிப்போவான் என்ற பயம் குறையக் குறைய, விடுப்பும் கிடைக்க ஆரம்பித்தது.

ஆனால் விடுப்பில் வந்தவன் இரவு எங்கே படுப்பான்? போர்ட்ஸ்மவுத்தில் கடற்படைக்கென்று கரையில் பெரிய தங்குமிடம் 1903-ல்தான் வந்தது. அதுவரை வெளியூர்ப் பையன்கள் பலருக்குக் கதவு திறந்திருந்தது சாராயக் கடைதான். மாடியில் படுக்கை, கீழே குடி. காலையில் பையில் காசு இருக்காது, சில நேரம் பையே இருக்காது.

அரசின் கண்ணில் பட்ட பிரச்சினை வேறு. மாலுமிகளுக்கு நோய் தொற்றுகிறது என்று 1864 முதல் சில சட்டங்கள் கொண்டுவந்தார்கள். போர்ட்ஸ்மவுத் போன்ற துறைமுக, ராணுவ ஊர்களில், சந்தேகப்பட்ட பெண்களைப் போலீசார் பிடித்து மருத்துவப் பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்தலாம். ஆண்களுக்கு அத்தகைய சோதனை இல்லை. ஊர்ப் பெண்கள் யாரும் இரவில் தெருவில் நடக்கவே பயப்படும் நிலை. ஜோசஃபின் பட்லர் என்ற பெண்மணியும் அவருடன் சேர்ந்தவர்களும் வருடக்கணக்கில் போராடி 1886-ல் அந்தச் சட்டங்களை நீக்கவைத்தார்கள்.

இதே காலத்தில் ஆக்னஸ் வெஸ்டன் என்ற இன்னொரு பெண்மணி வேறு வழியில் ஆரம்பித்தார். 1868-ல், கப்பலில் போய்க்கொண்டிருந்த ஒரு படைவீரருக்கு ஆறுதலாக ஒரு கடிதம் எழுதினார். அதைப் பார்த்த ஒரு மாலுமி, தனக்கும் யாராவது இப்படி எழுத மாட்டார்களா என்று கேட்டார். அவருக்கும் எழுதினார். ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, கையால் எழுதி மாளாமல், கடைசியில் மாதாமாதம் அச்சடித்து அனுப்ப வேண்டியதாயிற்று.

பிறகு, தோழி சோஃபியா வின்ட்ஸுடன் சேர்ந்து 1876-ல் டெவன்போர்ட்டிலும் 1881-ல் போர்ட்ஸ்மவுத்திலும் மாலுமிகள் இல்லம் திறந்தார். அங்கே சுத்தமான படுக்கை, சூடான சாப்பாடு, கடிதம் எழுத மேசை எல்லாம் உண்டு. மது மட்டும் கிடையாது. வெஸ்டன் மதுவிலக்குப் பிரசாரகர், ஆழ்ந்த மதநம்பிக்கை உள்ளவர். வந்த பையன்கள் எல்லோரும் அவருடைய பிரசங்கத்துக்காக வரவில்லை. படுக்கைக்காகவும் முட்டைக்காகவும் தேநீருக்காகவும் வந்தவர்கள் நிறைய. அதனால் என்ன? கப்பலேறும் முன் ஒரு பையன் திருட்டுப் போகாமல், நிம்மதியாகத் தூங்கி, அம்மாவுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டுப் போக முடிந்தது. 1918 அக்டோபரில் வெஸ்டன் இறந்தபோது கடற்படை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் கடற்படைக் குடும்பங்களுக்கிடையே வேலை செய்கிறது.

சொல்லக் கூடாத இரவு

இருபதாம் நூற்றாண்டில் கரைக்குப் போகும் அனுமதி பிரச்சினையாக இல்லை. இப்போது தடையாக வந்தது ரகசியம்.

பிரிட்டிஷ் கடற்படையில் ஒவ்வொரு கப்பலுக்கும் போர்ட்ஸ்மவுத், டெவன்போர்ட், சாட்டம் ஆகிய மூன்று ஊர்களில் ஒன்றிலிருந்து ஆட்களை ஒதுக்கும் வழக்கம் இருந்தது. எனவே ஒரு கப்பல் மூழ்கினால் ஒரே ஊரின் தெருக்கள் அடி வாங்கும். 1916 மே 31-ல் தொடங்கிய ஜட்லாண்ட் கடற்போரில் பிரிட்டன் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்குத் தந்தி வந்தால் எப்படி இருக்கும் என்று, ஒரே வளாகத்தில் வாழும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் கப்பல் எப்போது கிளம்பும், எங்கே போகும் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. நார்மண்டி படையெடுப்புக்கு முன், 1944 ஏப்ரல் 1 முதல், தெற்குக் கரையோரமாகப் பல மைல் அகலத்துக்கு வெளியார் வரத் தடை விதித்தார்கள். மே மாதக் கடைசியில் படை முகாம்களை அடைத்தார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூடாது, கடிதம் போகாது. போர்ட்ஸ்மவுத் மக்கள் கண்ணெதிரே தெருவோரமெல்லாம் வண்டிகள் நின்றன, கடல் நிறையக் கப்பல்கள் நின்றன. ஏதோ நடக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஊர் வாய் திறக்கவில்லை. ஜூன் 5 மாலை கப்பல்கள் கிளம்பின. மறுநாள் காலை வானொலியில்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

நெல்சன் படகேறிய சவுத்ஸீ கடற்கரையில் இன்று ஒரு கடற்படை நினைவுத் தூண் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் அதில் பொறித்திருக்கின்றன. மொத்தம் 24,000-க்கும் மேல்.

1982: மூன்று நாள் அவகாசம்

1982 ஏப்ரல் 2, வெள்ளிக்கிழமை. தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் அர்ஜென்டினப் படைகள் இறங்கின. ஈஸ்டர் வாரம் நெருங்கிய நேரம். விடுமுறைத் திட்டங்களில் இருந்த மாலுமிகளுக்கு உடனே திரும்பச் சொல்லித் தகவல் பறந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் செலவுக் குறைப்பு என்று சொல்லி, போர்ட்ஸ்மவுத் கப்பல் பட்டறையில் பெருமளவு ஆட்குறைப்பு செய்வதாக அரசு அறிவித்திருந்தது. வேலை போகப்போகிறது என்று தெரிந்த அதே தொழிலாளர்கள் சனி, ஞாயிறு பார்க்காமல், இரவு பகலாகக் கப்பல்களைத் தயார் செய்தார்கள்.

ஏப்ரல் 5, திங்கள் காலை 'ஹெர்மிஸ்', 'இன்வின்சிபிள்' என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறின. பழைய பாயின்ட் பகுதியில், வட்டக் கோபுரத்தின் மேலும் மதில்கள் மேலும் ஆயிரக்கணக்கானோர் நின்று கையசைத்தார்கள். 1782-ல் படகேறிக் கப்பலுக்குப் போய்த்தான் கணவனைப் பார்க்க முடிந்த ஊரில், இப்போது கணவன் வீட்டில் படுத்து எழுந்து, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டு கிளம்ப முடிந்தது. மூன்று நாள்தான். ஆனாலும் அது அவர்களுடையது.

எல்லோருக்கும் அதுவும் கிடைக்கவில்லை. போர்ட்ஸ்மவுத்தைத் தாய்த்துறையாகக் கொண்ட 'ஷெஃபீல்ட்' கப்பல் பல மாதங்கள் வெளியே இருந்துவிட்டு, ஜிப்ரால்டர் பக்கம் பயிற்சியை முடித்து வீடு திரும்ப வேண்டியிருந்தது. வீட்டுக்கு வராமலேயே தெற்கே திரும்பச் சொன்னார்கள். மே 4 அன்று ஏவுகணை தாக்கியதில் 20 பேர் இறந்தார்கள். கப்பல் தாக்கப்பட்ட செய்தி அன்று இரவு தொலைக்காட்சியில் வந்தது. யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஊரில் குடும்பங்கள் தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

நமக்கு இதில் என்ன?

பிரிட்டிஷ் கடற்படையின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1797-ல் ஸ்பிட்ஹெட் மாலுமிகள் கேட்டது, வெகுகாலம் கழித்து, உலகம் முழுக்க வணிகக் கப்பல் ஊழியர்களுக்கு எழுத்தில் கிடைத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006-ம் வருட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2015-ல் ஏற்றது. போர்க்கப்பல்களுக்கு அது பொருந்தாது. வணிகக் கப்பல்களில், ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விடாமல் சம்பளம் தர வேண்டும். அதில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு அனுப்ப வழி செய்ய வேண்டும். உடல்நலத்துக்காகவும் மனநலத்துக்காகவும் கரை விடுப்பு தர வேண்டும். மேலே படித்த ஒவ்வொரு குறையும் இங்கே ஒரு விதியாகியிருக்கிறது.

விதி இருந்தால் போதாது என்பதையும் பார்த்துவிட்டோம். கொரோனா காலத்தில், 2020-ன் பிற்பகுதியில், ஒப்பந்தம் முடிந்தும் கப்பலை விட்டு இறங்க முடியாமல் உலகம் முழுக்கச் சுமார் 4 லட்சம் கடல் ஊழியர்கள் சிக்கியிருந்தார்கள். துறைமுகம் கண்ணெதிரே இருந்தும் கால் வைக்க அனுமதி இல்லை. அவர்களில் இந்தியர்கள் நிறைய.

மெர்ச்சன்ட் நேவியில் இருக்கும் பிள்ளைகள், கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் இருப்பவர்கள் நம் குடியிருப்புகளிலும் உண்டு. கப்பலில் சைன்-ஆன் செய்ய இரண்டு நாளில் கிளம்பச் சொல்லித் தகவல் வரும். போனால் ஆறு மாதம், எட்டு மாதம். பின்னால் வயதான அப்பா அம்மாவோ, கைக்குழந்தையோடு மனைவியோ இருப்பார்கள். 1868-ல் ஒரு மாலுமி கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள். நம்மால் செய்ய முடிகிற சில சின்ன விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

உங்கள் வீட்டில் கடலில் வேலை செய்பவர் இருந்தால், விருப்பமிருந்தால், சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். ராத்திரியில் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

கப்பலின் பெயர், அது இருக்கும் இடம், போகும் வழி இவற்றை நம் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். 2023 நவம்பர் முதல் செங்கடலில் வணிகக் கப்பல்கள்மீது நடந்த தாக்குதல்களைச் செய்திகளில் பார்த்தோம். ஏதாவது கப்பல் தாக்கப்பட்டதாகத் தகவல் வந்தால், உறுதியாகத் தெரியாமல் குழுவில் பகிர வேண்டாம். அதே குழுவில் அந்தப் பிள்ளையின் அம்மாவும் இருப்பார்.

பக்கத்து வீட்டுப் பையன் நாளைக் காலை கப்பலுக்குக் கிளம்புகிறான் என்று தெரிந்தால், மெயின்டனன்ஸ் பாக்கி, பார்க்கிங் தகராறு எதுவாக இருந்தாலும் அன்று இரவு அந்த வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். அந்த ஒரு இரவை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். மற்றதை மறுநாள் பேசிக்கொள்ளலாம்.